அப்பா 2001இல் இறந்துவிட்டால் மகளுக்குப் பங்கு இல்லையா?

சகோதரி, அப்பா 2001இலேயே காலமானதால் தாத்தா வழி நிலத்தில் பங்கு இல்லை என்று கீழ் கோர்ட் உங்கள் பாகப்பிரிவினை வழக்கைத் தள்ளிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. மனம் தளராதீர்கள். 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமை பிறப்பால் வருவது, மகளுக்கும் சம பங்கு தந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

அண்ணன் சொல்லும் '2003 வாய்மொழிப் பாகம்'தான் உண்மையான சிக்கல். அந்தத் திருத்தம் வரம்பாக வைத்த 20.12.2004க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அசைக்க முடியாது. வெறும் வாய்ப்பேச்சு என்றால் பொது ஆவணங்களின் துணை வேண்டும். 2012 வரை பட்டா அப்பா பெயரிலேயே இருந்தது என்கிறீர்களே, அது உங்களுக்குப் பெரிய பலம். அந்தப் பட்டா நகல் கீழ் கோர்ட்டில் சான்றாவணமாக எண்ணிட்டுக் குறியீடு செய்யப்பட்டதா என்று வக்கீலிடம் இன்றே கேளுங்கள். மேல்முறையீட்டில் புது ஆவணத்தை லேசில் ஏற்க மாட்டார்கள்.

அப்புறம், மேல்முறையீடு செய்வதற்கான கெடு. மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்கள் இந்தக் கெடுவில் சேராது. நகல் கேட்டு மனு போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் அந்த நகலிலேயே முத்திரையாக இருக்கும், பாருங்கள். என் அக்கா வழக்கில் நகல் மனுவையே தாமதமாகப் போட்டு, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு அலைந்தோம். நீங்கள் நாளைக்கே போட்டுவிடுங்கள்.