அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. கை வைத்துச் சக்தி கொடுப்பதாகச் சொல்லும் ரெய்கியைத் தொலைதூரத்திலிருந்தே அனுப்புகிறோம் என்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

கீமோவை நிறுத்தச் சொல்லாதவரை ஒத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் தூரத்திலிருந்து அனுப்புகிறவர்களை நம்பிக் காசு கட்டாதீர்கள், பக்கத்தில் வந்து உட்காருகிற ஆள் கிடைத்தால் வரச்சொல்லுங்கள். நீங்கள் ஒரே பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மற்றவர்கள் வெளியூரில் இருக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவது நீங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்டவர்களிடம்தான் இந்த "அனுப்புகிறோம்" பேச்சு வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் ரெய்கி இரண்டாம் நிலை வரை கோயமுத்தூரில் கற்றவள். இதுவரை யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. மூடநம்பிக்கை என்று கமெண்ட் போடக் காத்திருப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள்.

எங்கள் ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, அக்கி வந்தது. முதுகில் ஆரம்பித்து ஒரு பக்க விலாவைச் சுற்றி முன்னால் வரை கொப்புளம். எங்கள் பக்கம் அக்கி என்றாலே மண்பாண்டம் செய்கிறவர் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்து எழுதிக்கொண்டு வருவதுதான் முதல் வைத்தியம், அத்தையும் எழுதிக்கொண்டு வந்தார். எழுதட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அக்கிக்கு வைரஸ் மாத்திரை இருக்கிறது, அதைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். இன்னும் ஒரு தடவை எழுதலாம், இன்னும் ஒரு தடவை எழுதலாம் என்று பெரியவர்கள் இழுத்ததில் அந்தக் கெடு தாண்டிவிட்டது. சின்ன வயதில் சின்னம்மை கொடுத்த அதே கிருமி நரம்பில் பதுங்கிக் கிடந்து வயதான காலத்தில் அக்கியாக வருகிறது, நரம்பையே கெடுத்துவிடுவதால் கொப்புளம் காய்ந்த பிறகும் வலி மாதக்கணக்கில் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். நின்றது. சேலை உரசினாலே துடித்துப்போவார்.

நரம்பு வலிக்குப் பிரீகாபலின் மாத்திரை கொடுத்தார்கள். பகலில் எப்படியோ ஓடிவிடும், ராத்திரிதான் கொடுமை. ரெய்கியில் தலை, கண், தொண்டை, நெஞ்சு, வயிறு என்று கை வைக்க ஒரு வரிசை உண்டு. அத்தைக்கு விலாவில் தொடவே முடியாது என்பதால் அங்கே நாலு விரற்கடை உயரத்தில் கையைப் பிடித்தபடி, மற்றொரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அரை மணி, முக்கால் மணி. கட்டிலோரம் உட்கார்ந்து எனக்கு இடுப்பு விட்டுப்போகும். "கண்ணு, கைய எடுத்துராத, அங்கயே இருக்கட்டும்" என்பார், அப்படியே தூங்கிப்போவார். ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்த பிறகு பகலில் புலம்பலும் குறைந்தது, சாப்பாடும் இறங்கியது.

இதை வைத்து ரெய்கி வலியைப் போக்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை வேலை செய்திருக்கும், நாளாக ஆகத் தானாகவும் குறைகிற வலிதான் அது. காலேஜ் படிக்கும் என் பெரியவன் கிண்டலுக்கென்றே ஒரு ஆராய்ச்சியை எடுத்துக் காட்டினான். அமெரிக்காவில் எமிலி ரோசா என்று ஒரு சிறுமி, ஒன்பது வயதில் பள்ளிக்கூடப் புராஜெக்டுக்காகச் செய்தது. தொடாமல் கையை உயரே வைத்துச் சக்தியை உணர்கிறோம் என்கிற 21 பேரை அட்டை மறைப்புக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையைக் கொண்டுபோய், எந்தக் கை என்று கேட்டிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வரும், அவர்களுக்கு வந்தது 44 சதவீதம். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜர்னலிலேயே அது வெளிவந்தது. அந்த 21 பேர் செய்தது தெரப்யூடிக் டச், ரெய்கி இல்லை என்று வாதாடிப் பார்த்தேன். உன்னையும் சோதிக்கிறேன், அட்டையை எடுத்து வா என்றான். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

சரி, சக்தி இருக்கிறதோ இல்லையோ, வேறு வேலை எதுவும் பார்க்காமல், போனை நோண்டாமல், ஒரு ஆள் முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் இல்லையா, அதுதான் நோயாளிக்குக் கிடைக்கிறது என்பது என் கணிப்பு. தூரத்திலிருந்து அனுப்புவதில் கழன்றுபோவது அதேதான்.

இப்போது என் ஓரகத்தி கதை. அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார், பிராணிக் ஹீலிங், அதாவது தொடாமலே சக்தியால் குணமாக்குவதாகச் சொல்லும் முறை, கற்றவர். அத்தைக்குத் தினமும் அங்கிருந்து அனுப்பினார். நமக்கு ராத்திரி ஒன்பதரை, அங்கே காலை பதினொன்று. ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் வைத்து, கெட்ட சக்தியை அதில் உதறிவிட்டு, "இன்று முடிந்தது" என்று குடும்ப வாட்ஸாப்பில் கைகூப்பும் படம் போடுவார். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் அவருக்கு நன்றி சொல்வார்கள். அந்நேரம் நான் அத்தை கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். அத்தை தேறி எழுந்த பிறகு வீட்டில் ஒரு சீர் வந்தது, அதில் பெரிய மாமா எழுந்து "அமெரிக்காவுல இருந்தே குணமாக்கிருச்சு நம்ம புள்ள" என்றார். நான் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவர் போன் பண்ணிப் பேசிய அன்றைக்கு அத்தை சந்தோஷமாக இருந்தார், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் பேசியதால் வந்தது.

தூரத்திலிருந்து வேண்டிக்கொள்வதையும் சோதித்திருக்கிறார்கள். 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, இதய பைபாஸ் செய்துகொண்ட 1802 பேர். தெரியாமல் பிரார்த்தனை செய்யப்பட்டவர்களுக்கும் செய்யப்படாதவர்களுக்கும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவு. உங்களுக்காக வேண்டுகிறோம் என்று சொல்லிவைத்தவர்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதல், அவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. அதற்காக வாழ்த்தவே கூடாது என்று சொல்லவில்லை. ஆழியாற்றில் வேதாத்திரி மகரிஷியின் தியான மையத்துக்குப் போய்வந்தவர்கள் எங்கள் சொந்தத்தில் நிறைய, எங்கோ இருக்கிறவரை நினைத்து "வாழ்க வளமுடன்" என்று தினமும் சொல்கிறார்கள். அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

நோயாளி வீடு என்றதும் இதையும் கொட்டிவிடுகிறேன். பார்க்க வருகிற ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள்! சரியாகப் பதினொன்றரைக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள், அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போடாமல் அனுப்பவும் முடியாது. சாப்பிட்டுவிட்டு நோயாளி காது கேட்கவே "இதே மாதிரி வந்த எங்க பக்கத்து வீட்டம்மா போயிட்டாங்க" என்பார்கள். கெட்ட சக்தி என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் பஸ் ஏறி வருகிறது. உங்கள் அம்மாவுக்குக் கீமோ முடியும்வரை, டாக்டர் யாரையும் பார்க்க விட வேண்டாம் என்கிறார் என்று பொய்யாவது சொல்லி வாசலோடு திருப்பி அனுப்புங்கள், தொற்றுக்கும் அது நல்லது.

கீமோ சமயத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்கள், நடுராத்திரி ஆனாலும். வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் அது அவசரம். "உடம்பு சுத்தமாகிறது, அதான் சூடு, பயப்படாதீங்க" என்று சொல்கிற ஹீலரை அதோடு நிறுத்திவிடுங்கள். மாத்திரையைக் குறைக்கச் சொல்கிறவர், கஷாயமோ பொடியோ கூடக் கொடுக்கிறவர், ஸ்கேனை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறவர், எல்லோருக்கும் இதேதான். மந்திரம் மாயத்தால் புற்றுநோயைக் குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் வருஷச் சட்டப்படியே குற்றம். மாதப் பேக்கேஜ், தள்ளுபடி என்று பேச்சு வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

அனுப்புகிறோம் என்பவர்களிடம், கீமோ ஏற்றிய மறுநாள் ராத்திரி வந்து அம்மாவோடு இருக்க முடியுமா, நான் கொஞ்சம் தூங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். வருகிறேன் என்றால் ரெய்கி தெரியாதவராக இருந்தாலும் வரச்சொல்லுங்கள்.

அப்புறம், அம்மாவுக்கு நெஞ்சில் போர்ட், அதாவது மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் வைக்கிற சின்னக் கருவி, வைத்திருந்தால் அந்த இடத்தில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். வருகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உட்காரட்டும்.