சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் கடிதம் எழுதாதீர்கள், ஓட்டோ பிடியுங்கள்

ரீச்சர், உங்கள் சிறுநீரகங்கள் போய்விடவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கக் கடிதத்தில் ஒன்பது கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது ஒன்றுதான்: அப்பாவைப் போல எனக்கும் டயாலிசிஸ் வருமா? அப்பா மூன்று வருடம் வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போய்வந்ததை எழுதிய இடத்தில் உங்கள் கையெழுத்தே மாறியிருக்கிறது. மற்ற எட்டுக் கேள்விகளும் அந்த ஒன்றைக் கேட்கத் துணிவு வரும்வரை எழுதியவை என்று நினைக்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவருக்கு 34 வயது. பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறு ஓட்டம் அறியாதவர். உடன் கற்பிக்கும் தோழிகள் மூவருடன் நோயாளிகளுக்கு நிதி சேர்க்கும் 5 கிலோமீற்றர் ஓட்டத்தில் கலந்துகொண்டார். திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து நகரக் கடற்கரை வரை, வண்ணப்பொடி தூவி, பாட்டுப் போட்டு, சிரித்துக்கொண்டு ஓடுகிற ஓட்டம். வழியில் நான்கு தரிப்பிடங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை தோப்புக்கரணம் போடுகிறீர்களோ அத்தனை பத்து ரூபாய் நிதிக்குச் சேரும். நால்வரும் போட்டி போட்டு ஆளுக்கு 160 போட்டிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது, பிரதம விருந்தினர் வரத் தாமதமானதால் எட்டேகாலுக்குத்தான் தொடங்கியது. ஆவணி மாத வெயில். புறப்படும் முன் ஒரு தோழி, 'வலி வராமல் இருக்கும்' என்று ஆளுக்கு இரண்டு டைக்ளோபெனக் மாத்திரை கொடுத்தார். அதை விழுங்கிவிட்டு ஓடினார்கள். ஓடி முடித்ததும் மேலும் ஒன்று, இரவு படுக்கும் முன் இன்னொன்று.

பிறகு மூன்றாம் பக்கத்தின் அடியில், கறுத்துப்போன கால் நகத்துக்கும் மூக்கிலிருந்து வந்த நீலச் சளிக்கும் நடுவில், ஒரு வரி வருகிறது: 'அன்றிரவும் மறுநாள் காலையும் சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனது, பீற்றூட் சாப்பிட்டதாலோ தெரியவில்லை.'

ரீச்சர், நான் எழுந்து உட்கார்ந்தது அந்த வரியில்தான்.

தொடைத் தசை பழக்கமில்லாத வேலையைச் செய்தால் அதன் நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழும். ஓடுவதைவிட உட்கார்ந்து எழும்புவது இதில் மோசமானது. கீழே இறங்கும்போது தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. நார்கள் கிழிவது அந்த நேரத்தில்தான். பிள்ளையார் சந்நிதியில் பக்தியுள்ளவர்கள் மூன்று போடுவார்கள், வேண்டுதல் உள்ளவர்கள் பன்னிரண்டு. 160 எந்தக் கோயிலிலும் கேட்கப்படுவதில்லை. பொதுவாக இந்தக் கிழிசலால் வலி மட்டும் வரும். இரண்டாம் நாள் உச்சத்தில் இருந்து, ஒரு வாரத்துக்குள் ஓய்ந்துவிடும். ஆனால் சேதம் ஓர் அளவைத் தாண்டினால் நார்கள் உடைந்து அவற்றுக்குள் இருக்கும் மையோகுளோபின் என்ற சிவந்த புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அதை வடிகட்டி வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துக்கு. அந்தப் புரதம் வடிகுழாய்களை அடைக்கவும் செய்யும், புண்ணாக்கவும் செய்யும். 1941 இல் குண்டுவீச்சுக்குள்ளான இலண்டனில் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். இடிபாடுகளுக்குள் மணிக்கணக்காகக் கால் நசுங்கிக் கிடந்தவர்கள் மீட்கப்பட்டதும் தெளிவாகப் பேசினார்கள். பிறகு சிறுநீர் கறுத்து, குறைந்து, சில நாட்களில் இறந்தார்கள். உங்களுக்கு நடந்தது அதன் மிகச் சிறிய தங்கை. கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தொடைகள் வீங்கிச் சுரிதார்க் காற்சட்டை ஏறவில்லை, மூன்று நாள் சுவரைப் பிடிக்காமல் கழிப்பறையில் உட்கார முடியவில்லை என்று எழுதியிருப்பதைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. பீற்றூட்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் பீற்றூட் ரோசாவாக்கும், பிளேன்ரீ ஆக்காது. தண்ணீர் போதாமல் கறுத்துப்போகிற சிறுநீர்கூட அடர்ந்த மஞ்சளாகத்தான் இருக்கும்.

இனி அந்த மாத்திரைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கோபப்பட எனக்கு அனுமதி தாருங்கள்.

நம் ஊரில் ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது வியர்ப்பதே தெரியாது. தோலில் நிற்கும் முன் காற்றுக் குடித்துவிடும். 'அவ்வளவாக வியர்க்கவில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பது அதனால்தான். உள்ளே நீர் குறைகிறது, இரத்தம் தோலுக்கும் தொடைக்கும் ஓடுகிறது, சிறுநீரகத்துக்கு வரும் பங்கு சுருங்குகிறது. கந்தளாய்க் குளத்தில் நீர் இறங்கிய காலத்தில் தம்பலகாமத்து வயலுக்குப் பாய வேண்டுமானால் மதகை இன்னும் அகலத் திறந்துவிட வேண்டும் அல்லவா? சிறுநீரகமும் அதைத்தான் செய்கிறது. தன் வாசல் இரத்தக்குழாயைச் சில வேதிப்பொருட்களால் அகலத் திறந்து வைத்துக்கொள்கிறது. டைக்ளோபெனக், ஐபுபுரூபன், மாதவிடாய் வலிக்கு நீங்கள் போடுவதாக எழுதியிருக்கும் மெஃபெனமிக் அமிலம் எல்லாம் ஒரே குடும்பம். அவை அந்த வேதிப்பொருட்களின் உற்பத்தியை நிறுத்துகின்றன. மதகு இறங்கிவிடுகிறது. நீர் குறைந்து மதகும் இறங்கிய நேரம் பார்த்து, மேலிருந்து சேறு கலங்கி வருகிறது. அன்று நீங்கள் விழுங்கியது 50 மில்லிகிராமில் நான்கு, மொத்தம் 200. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பே 150. அதுவும் நீர் வற்றாத உடம்புக்கு.

வலி வருவதற்கு முன்பே வலி மாத்திரை போடும் பழக்கத்தை யார் கொண்டுவந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சிவன் கோயிலில் திருநீறு கொடுப்பதுபோல ஒரு மாத்திரைப் பட்டையிலிருந்து உடைத்து உடைத்துக் கொடுக்கிறார்கள். மருந்துக் கடைக்காரரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஆகவே நாளை வேறொருவர் இதே வரியை எனக்கு எழுதாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன். கடுமையாக உடலை வருத்திய பிறகு மூன்று நாட்களுக்குள் சிறுநீர் பிளேன்ரீ போல, கோலா போல, பழுப்பாகப் போனால் அன்றே போங்கள். இரவு பத்து மணி என்றால் இரவு பத்து மணிக்கு. வலி எவ்வளவு என்பது முக்கியமில்லை, நிறம்தான் முக்கியம். நம் பொது வைத்தியசாலைக்குப் போய் இரண்டே வாக்கியம் சொல்லுங்கள்: பழக்கமில்லாத இந்த உடற்பயிற்சியைச் செய்தேன், இந்த மாத்திரைகளைப் போட்டேன். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சிறுநீரில் தோய்க்கும் பட்டை 'இரத்தம்' என்று காட்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு ஒன்றும் இருக்காது, அல்லது மிகச் சிலவே இருக்கும். மருத்துவருக்கு அதுவே போதுமான துப்பு. பிறகு சி.பி.கே. என்ற தசை நொதியைப் பார்ப்பார்கள். சாதாரணமாக அது 200 அளவுக்குள் இருக்கும். இந்த நிலையில் ஆயிரங்களில் ஏறும். 5000 தாண்டினால் சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவோம். உடைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் கசியும். அது ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும் என்பதால் அதையும் பார்ப்பார்கள். வைத்தியம் பெரும்பாலும் சேலைன்தான். நேரத்துக்கு வந்தவர்களில் அநேகமானோர் சில நாட்களில் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நீங்கள் போகவில்லை. நான்காம் நாள் தனியார் ஆய்வுகூடத்தில் நீங்களாகவே, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினின் அளவைப் பரிசோதித்தீர்கள். 1.3 என்று வந்தது. அந்த எண்ணையும் வயதையும் கைப்பேசியில் போட்டீர்கள். அது 'நாட்பட்ட சிறுநீரக நோய், நிலை 3' என்று அறிவித்தது. அன்றிலிருந்து சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, பிள்ளைகளின் படிப்புக்கு யார் பொறுப்பு என்ற கணக்கு.

கைப்பேசி போட்ட கூட்டலில் பிழை இல்லை. பெயரில்தான் பிழை. நாட்பட்ட நோய் என்று சொல்ல சிறுநீரகத்தின் வேலை குறைந்திருப்பது மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். உங்களுக்கு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. தசை உடைந்து, நீர் வற்றி, மாத்திரையும் போட்ட ஒருவரின் நான்காம் நாள் இரத்தத்தில் 1.3 இருப்பது, அடி வாங்கிய சிறுநீரகம் இன்னும் மூச்சு வாங்குகிறது என்பதைத்தான் காட்டுகிறது. வாங்கட்டும். இது பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் 'பெரும்பாலும்' என்பதை நம்பி வீட்டில் இருக்கச் சொல்ல மாட்டேன். இந்த வாரமே மருத்துவர் ஒருவரிடம் போய்க் கிரியேட்டினின், பொட்டாசியம், முழுச் சிறுநீர் அறிக்கை மூன்றையும் மீண்டும் பாருங்கள், இரத்த அழுத்தத்தோடு. பழைய அறிக்கையையும் கொண்டுபோங்கள். எண் இறங்கியிருந்தால் மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துவிடலாம். இறங்காமல் நின்றாலோ ஏறியிருந்தாலோ சிறுநீரக நிபுணரிடம் அனுப்புவார்கள். அப்போதும் அது டயாலிசிஸ் பேச்சு அல்ல.

அப்பாவின் கதை வேறு. இருபது வருடச் சர்க்கரை, அதில் பாதிக் காலம் மருந்தில்லாமல், என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய சிறுநீரகத்தைத் தின்றது அதுதான். அவரிடமிருந்து உங்களுக்கு வரக்கூடியதும் சர்க்கரைதான். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கடிதத்தில் அதைக் காணவில்லை. இதயத் துடிப்பை மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த 181 துடிப்பைப் பற்றி: இரவல் கைக்கடிகாரம் காட்டியது, வெயிலில் ஓடும் 34 வயதுக்காரருக்கு வர வேண்டியதுதான். மயக்கம் இல்லை, நெஞ்சுவலி இல்லை, நின்றதும் இறங்கிவிட்டது. விடுங்கள். கால் நகம் சப்பாத்து அரை அளவு சிறிது என்பதால் கறுத்தது; விழுந்து முளைக்க ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட எடுக்கலாம். விலாவில் குத்தியது காலையில் சாப்பிட்ட பிட்டு. நீலச் சளி, ரீச்சர், நீங்கள் மூச்சோடு இழுத்த நீலப்பொடி.

இப்போது தினமும் ஆறு லீற்றர் தண்ணீர் குடிக்கிறீர்களாம், சிறுநீரகத்தைக் 'கழுவ'. அது முற்றம் அல்ல. அளவுக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து வேறு ஆபத்து வரும். 2002 இல் போஸ்டன் மரதன் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 வீதமானோருக்கு அப்படிக் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களே அதில் அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள். அயலவர் சொன்ன காமரங்காய்ச் சாற்றை இன்றே நிறுத்துங்கள். சிறுநீரகத்துக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் ஒரு கோப்பை குடித்துவிட்டு, அதிலிருக்கும் ஒட்சலேற் என்ற பொருளால் சிறுநீரகம் செயலிழந்து வருபவர்களை நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். அடி வாங்கிய சிறுநீரகத்துக்கு அது இரண்டாவது அடி. எண்கள் சீராகும்வரை அந்த வலி மாத்திரைக் குடும்பத்தில் எதுவும் வேண்டாம். மாதவிடாய் வலிக்கு என்ன போடலாம் என்று போகிற இடத்திலேயே கேளுங்கள்.

மறுபடியும் ஓடலாமா என்பது ஒன்பதாவது கேள்வி. ஓடலாம். அறிக்கை சீரான பின், அதுவும் முதலில் நடந்து. விடியற்காலையில் உட்துறைமுக வீதியில் ஐந்து நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம் என்று தொடங்கி, இரண்டு மாதம் எடுத்து ஐந்து கிலோமீற்றருக்கு வாருங்கள். தோப்புக்கரணத்துக்குக் காசு சேர்க்கும் ஓட்டம் மறுபடி வந்தால் பத்துப் போட்டுவிட்டு மீதியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

இன்னொன்று. நால்வரும் 160 போட்டீர்கள், நால்வரும் ஒரே பட்டையிலிருந்து மாத்திரை விழுங்கினீர்கள். கடிதத்தில் உங்களைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது. மற்ற மூவருக்கும், குறிப்பாகப் பட்டையைக் கொண்டுவந்தவருக்கு, அன்றிரவு என்ன நிறத்தில் போனது என்று நாளை இடைவேளையிலேயே கேளுங்கள். யாராவது ஒருவர் தயங்கினால், அவரையும் உங்களோடு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.