குளுவாங் தோட்டத்துக் கேள்விகள்: இயந்திரம் வந்தால் நம் கூலி எங்கே போகும்?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பல வருஷம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக இருந்து, பொருளாதாரமும் படித்தவன் என்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

பழம் வெட்டும் தொழிலாளி: அண்ணே, இன்னும் கொஞ்ச வருஷத்தில் ரோபோ வந்து குலை வெட்டும் என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) சொல்கிறார். நிஜமா?

அவ்வளவு சீக்கிரம் வராது, தம்பி. மட்டைக்குள் மறைந்திருக்கும் குலையைக் கண்டுபிடிக்க வேண்டும். உதிரிப்பழம் விழுந்ததைப் பார்த்துப் பழுத்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் நின்று வெட்ட வேண்டும். இப்போதைக்கு வந்திருப்பது காண்டாஸ் என்ற மோட்டார் அரிவாள்தான். அதுவும் உயரம் குறைந்த மரத்துக்குத்தான் வசதி. அதை வைத்து ஒரே ஆள் அதிகம் வெட்டலாம். அப்போது டன்னுக்கான ரேட்டைக் குறைக்கிறார்களா என்று கவனியுங்கள்.

கல்லூரி மாணவி: ஐயா, டெக்னோகிரசி என்று படித்தேன். பொறியாளர்கள் நாட்டை நடத்தினால் இந்தப் பிரச்சினை தீருமா?

1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் பரவிய யோசனை அது. ஆலைகள் இருந்தன, தானியம் இருந்தது, வாங்க ஜனங்களிடம் காசில்லை. இயந்திரம் ஆள் வேலையைச் செய்யத் தொடங்கினால், கூலி வாங்கிப் பொருள் வாங்கும் ஏற்பாடே நின்றுபோகும் என்றார்கள் ஹோவர்ட் ஸ்காட்டும் அவருடன் இருந்த பொறியாளர்களும். பணத்துக்குப் பதிலாக, நாடு செலவழிக்கும் எரிசக்தியைக் கணக்கிட்டு எல்லாருக்கும் சமமாகச் சான்றிதழ் கொடுக்கச் சொன்னார்கள். அதைச் சேர்த்து வைக்கவும் முடியாது, அடுத்தவருக்குக் கொடுக்கவும் முடியாது. 25 வயதிலிருந்து 45 வரை நாளுக்கு 4 மணி நேரம், வருஷத்துக்கு 165 நாள் வேலை.

நோயைச் சரியாகவே பிடித்தார்கள் அம்மா. மருந்துதான் எனக்கு ஒப்பவில்லை. கணக்குப் போடும் பொறியாளர் தப்பாகப் போட்டால் யார் கேட்பது? செக்ரோலில் (வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பதிவேட்டில்) ஒரு நாள் பேர் விடுபட்டால் வீட்டில் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்குத் தெரியும். 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்ததும், தனி ஆளாகக் கேட்டால் நடக்காது என்பதால்தான்.

ஓய்வுபெற்ற ஓர் அக்கா: எங்கள் வேலையை எந்த மிஷினும் எடுக்கவில்லையே, ஒரு பூச்சிதானே எடுத்தது?

ஆமாம் அக்கா. என் அம்மாவுக்கும் மகரந்தம் ஊதுகிற வேலைதான். ஆண் பூவின் மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் ஊதுவார். 1981இல் கேமரூனிலிருந்து ஒருவகைக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசியைவிடச் சின்னது. அந்த வேலையை அதுவே செய்தது, காய்ப்பும் கூடியது. நல்ல கண்டுபிடிப்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மிச்சமான கூலி முழுக்கத் தோட்டத்தின் லாபத்தில் ஏறியது. அம்மா உதிரிப்பழம் பொறுக்கப் போனார். மாதக் கடைசியில் கைக்கு வந்தது குறைவு. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை ஊதின கைகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். இன்றுவரை என் மனசு ஆறவில்லை.

எண்ணெய் ஆலைத் தொழிலாளி: ஆட்குறைப்பு என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். என்ன கிடைக்கும்?

1980ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிப்படி, வேலை செய்தது 2 வருஷத்துக்குக் கீழ் என்றால் வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள். குறைந்தது ஒரு வருஷமாவது வேலை செய்திருக்க வேண்டும். அப்புறம், சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பின்) வேலைக் காப்புறுதி தனி. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் அந்த 60 நாள் ஓடிவிடும் தம்பி. கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.