தலைப்பாகைக்குள் ஒரு மிசௌரிக்காரர்: கோர்லா பண்டிட் குறித்த கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்க ஆண்டுகளில் தலைப்பாகை அணிந்து ஆர்கன் என்ற விசைப்பலகை வாத்தியத்தை வாசித்த கோர்லா பண்டிட் உண்மையிலேயே இந்தியரா?

பதில்: இல்லை. புது தில்லியில் அந்தணத் தந்தைக்கும் பிரெஞ்சுப் பாடகிக்கும் பிறந்தவர் என்று விளம்பரப்படுத்தப்பட்ட அவர், 1921இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ரோலண்ட் ரெட் என்ற பெயரோடு பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கர். தந்தை பாப்டிஸ்ட் போதகர். 1998இல் அவர் இறக்கும்வரை இந்த உண்மை பொதுவெளிக்கு வரவில்லை. 2001இல் லாஸ் ஏஞ்சலஸ் இதழ் ஒன்றில் ஆர். ஜே. ஸ்மித் எழுதிய கட்டுரையே அதை வெளிப்படுத்தியது.

கேள்வி: இந்திய வேடம் எதற்கு? அன்றைய அமெரிக்காவில் இந்தியருக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததா?

பதில்: மதிப்பு என்பதைவிட விலக்கு என்று சொல்வது பொருந்தும். லாஸ் ஏஞ்சலஸில் இசைக்கலைஞர் சங்கமே வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று எனப் பிரிந்து கிடந்தது. இரண்டும் 1953இல்தான் இணைந்தன. நல்ல ஊதியம் தரும் வானொலி, ஸ்டூடியோ வேலைகள் பெரும்பாலும் முதல் சங்கத்தாருக்கே கிடைத்தன. ஆகவே ரெட் முதலில் ‘குவான் ரொலாண்டோ’ என்ற லத்தீன் அமெரிக்கப் பெயரில் வாசித்தார். தலைப்பாகை பிறகு வந்தது. டிஸ்னி ஸ்டூடியோவில் ஓவியராகப் பணியாற்றிய அவருடைய மனைவி பெரில் வெள்ளையர். அத்தகைய திருமணத்தைத் தடுத்த கலிஃபோர்னியச் சட்டம் 1948இல்தான் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொண்டால், அந்த வேடம் மேடைக்கு மட்டும் உரியதாக இருந்திருக்க முடியாது என்பது புரியும். தலைப்பாகையின் ஆற்றலுக்கு வேறு சான்றும் உண்டு: 1947இல் ஜெஸ்ஸி ரூட்டே என்ற கறுப்பினப் போதகர் அதை அணிந்துகொண்டு அலபாமாவின் மொபைல் நகருக்குச் சென்றபோது, வெள்ளையருக்கு மட்டுமேயான உணவகத்தில் மரியாதையுடன் உபசரிக்கப்பட்டார்.

கேள்வி: அவர் நிகழ்ச்சியில் ஒரு சொல்கூடப் பேசமாட்டாராமே?

பதில்: 1949இல் லாஸ் ஏஞ்சலஸின் கேடிஎல்ஏ தொலைக்காட்சி நிலையத்தில் தொடங்கிய கால் மணி நேர நிகழ்ச்சி முழுவதும் அவர் வாய் திறந்ததில்லை. நெற்றிக்கு மேலே ஒற்றை மணி பதித்த வெண்ணிறத் தலைப்பாகை, கேமராவை நேராகப் பார்க்கும் இமைக்காத விழிகள், அவ்வப்போது ஒரு மெல்லிய புன்னகை, இவ்வளவுதான். மிசௌரிப் பேச்சு காட்டிக்கொடுக்காமல் இருக்க அது நல்ல வழி. ஆனால் வீட்டுக்குள் புதிதாக வந்த அந்தச் சிறிய திரையில், பார்வையாளரையே பார்ப்பவர்போல் அமர்ந்திருக்கும் ஒருவரின் மௌனம் இல்லத்தரசிகளை எப்படிக் கட்டிப்போட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. என் கணிப்பில், அவர் கண்டுபிடித்தவற்றுள் பெயரைவிட இந்த மௌனமே பெரியது.

கேள்வி: நான் கீபோர்டு வாசிப்பவன். வேடத்தை விட்டுவிட்டால் வாசிப்பு தேறுமா?

பதில்: நன்றாகவே தேறும். ஒரு கையால் ஹாமண்ட் என்ற மின் ஆர்கனையும் மறுகையால் பியானோவையும் ஒரே நேரத்தில் வாசிப்பார். ஆர்கனிலிருந்தே முரசு போன்ற தாள ஓசையையும் எழுப்புவார். ஆனால் அதில் இந்திய இசை என்று எதுவும் இல்லை. அவருடைய அடையாளப் பாடல்களுள் ஒன்றான ‘இந்தியாவின் பாடல்’ ரிம்ஸ்கி கோர்சகோவ் என்ற ரஷ்யர் தம் ஓபராவுக்காக அமைத்தது! அமெரிக்கத் தொலைக்காட்சியில் வட இந்திய நரம்பு வாத்தியமான சரோத் உண்மையாகவே ஒலிக்க, 1955இல் அலி அக்பர் கான் வரவேண்டியிருந்தது.

கேள்வி: அதே காலத்துப் பாடகி இமா சுமாக்கும் போலிதானா?

பதில்: அவர் உண்மையான பெரு நாட்டவர். இன்கா மன்னர் அதவால்பாவின் வழித்தோன்றல் என்ற விளம்பரம் ஒருபுறம் இருக்க, அவர் புரூக்ளினைச் சேர்ந்த ஏமி காமஸ், பெயரைத் திருப்பிப் போட்டுக்கொண்டவர் என்ற வதந்தியும் பரவியது. அசலானவரையே போலி என்று சந்தேகிக்கும் அளவுக்கு இத்தகைய வேடங்கள் அன்று மலிந்திருந்தன.

கேள்வி: பண்டிட்டை ஏமாற்றுக்காரர் என்று சொல்லலாமா?

பதில்: நான் சொல்லமாட்டேன்; ஆயினும் அவர் ஐம்பது ஆண்டுகள் இந்தியாவை விற்றார் என்பதையும் மறைக்கமாட்டேன். மிசௌரிக் குடும்பத்தாருக்கு எல்லாம் தெரிந்திருந்தும் அவர்கள் வெளியே சொல்லவில்லை. அவருடைய அண்ணன் ஸ்பெக் ரெட், அயோவா மாநிலத்தின் டெ மாயின் நகரில் வேடம் எதுவும் இன்றி ஜாஸ் பியானோ வாசித்து வந்தார்.