கார் கேள்வி-பதில்: டெயில் லைட் ஆடுகிறது!

கேள்வி: என் கார் 2002 மாடல். இடது டெயில் லைட்டின் பின்பக்கம் உள்ள மூன்று போல்ட்களில் இரண்டு, பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிட்டன. ஃபெவிக்விக் போட்டேன், ஒரே வாரத்தில் கழன்றுவிட்டது. முழு லைட்டையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: லென்ஸ் நன்றாக இருந்தால் மாற்ற வேண்டாம். ஃபெவிக்விக் காய்ந்தால் விறைத்துவிடும்; டிக்கியை ஓங்கிச் சாத்தும் அதிர்வைத் தாங்காது. போதாக்குறைக்கு அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு லைட்டை வெளியே எடுங்கள். முதுகில் பிளாஸ்டிக்கின் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். பிபி (PP) என்றிருந்தால் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, பிளாஸ்டிக் வெல்டிங்தான் வழி. ஏபிஎஸ் (ABS) என்றால் வீட்டிலேயே செய்யலாம்.

பழைய பசையைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, 80-ஆம் நம்பர் எமரி ஷீட்டால் சொரசொரப்பாக்குங்கள். விரிசல் ஓடியிருந்தால் அதன் நுனியில் 2 மி.மீ. துளை போடுங்கள், மேலே ஓடாது. அசிட்டோனால் துடைக்காதீர்கள், லென்ஸில் பட்டால் பூத்துப்போகும்.

பழைய போல்ட் அளவிலேயே புது போல்ட் வாங்குங்கள். அகலமான வாஷரில் சுற்றிலும் நான்கு சிறு துளைகள் போட்டு, போல்டின் தலைவரை ஏற்றுங்கள். தலை லைட்டின் முதுகில் உட்கார வேண்டும். அதன்மேல் ஸ்டீல் கொசுவலைத் துண்டு வைத்து அரால்டைட்டில் புதையுங்கள். பசை துளைகளுக்குள் புகுந்து வாஷரைப் பிடித்துக்கொள்ளும். வெறும் ஒட்டலை நம்ப வேண்டியதில்லை. 24 மணி நேரம் காயும் வகையே சரி. ஐந்து நிமிட வகை வெயில் சூட்டில் இளகும். பூச்சு, பழைய போல்ட் நின்ற பிளாஸ்டிக் மேட்டின் உயரத்தைத் தாண்டினால் லைட் பாடியில் படியாது.

பலரும் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். பசை இறுகும் முன்பே லைட்டைக் காரில் மாட்டி, போல்ட்கள் துளைகளுக்கு நேராக நிற்கும்படி விட வேண்டும். தனியாகக் காயவைத்தால் போல்ட் 2 மி.மீ. சாய்ந்தாலும் போச்சு. பாடியில் பசை ஒட்டாமலிருக்கத் துளையைச் சுற்றி செலோ டேப் ஒட்டுங்கள். நட்டை விரலால் தொட்டு நிறுத்தினால் போதும்.

மறுநாள், லைட்டுக்கும் பாடிக்கும் நடுவே தண்ணீரைத் தடுக்கும் ஃபோம் கேஸ்கெட்டைப் பாருங்கள். இறுகிப்போயிருந்தால் அதுவே குற்றவாளி: தண்ணீர் வருகிறதே என்று நட்டை மேலும் மேலும் முறுக்குவார்கள், பிளாஸ்டிக் பிளக்கும். புது ஃபோம் ஒட்டி, நட்டைக் கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். சுற்றிலும் சிலிகான் அப்பாதீர்கள். அடுத்த முறை கழற்றும்போது மீதி போல்டும் பெயரும்.

பழைய லைட்டே வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். வாங்கும்போது லென்ஸை விட முதுகைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: லைட்டைக் கழற்றி மாட்டியதிலிருந்து, பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. ஏன்?
- வாசகி, தென்காசி

பதில்: பெரும்பாலும் எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி) பிரச்சினை. பல பழைய கார்களில் எர்த் ஒயர் பாடியில் ஒரு ஸ்க்ரூவில் பிடிக்கும். அங்கே துரு ஏறினால் கரண்ட் இண்டிகேட்டர் பல்பு வழியாகத் திரும்பும். ஹோல்டரின் எர்த் முனையிலிருந்து பெயின்ட் இல்லாத பாடி இரும்புக்கு ஒரு ஒயர் கொடுத்துப் பாருங்கள். சரியானால் அந்த ஸ்க்ரூவின் அடியை எமரியால் தேய்த்து இறுக்குங்கள்.