என் கணினியில் ஓடுகிறது, மண்டியில் ஓடவில்லை

மென்பொருள் எழுதும் வாசகர்களிடமிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "என் கணினியில் சரியாக ஓடுகிறது, வாடிக்கையாளர் இடத்தில்தான் தகராறு செய்கிறது." ஆகவே அவ்வகைக் கேள்விகளை மட்டும் பொறுக்கியெடுத்து இவ்விதழில் பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி: ஈரோட்டில் உள்ள ஒரு மஞ்சள் மண்டிக்காக சி ஷார்ப் நிரல்மொழியில் எடைப்பதிவு மென்பொருள் எழுதியிருக்கிறேன். மின்னணுத் தராசு சீரியல் போர்ட் (தகவலை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இணைப்பு வாசல்) வழியாகக் கணினியோடு இணைக்கப்பட்டுள்ளது. வீட்டில் சோதித்தபோது குறையே இல்லை. மண்டியில் 64.350 கிலோ உள்ள விரலி மூட்டை சில நேரம் 4.350 என்றும், சில நேரம் 64.3 என்றும் பதிவாகிறது. தராசை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. (வாசகர், ஈரோடு)

பதில்: தராசின் மீது பழி வேண்டாம், அதை மாற்றிய செலவுதான் வீண். சீரியல் போர்ட் என்பது முழுக் கடிதத்தையும் உறையிலிட்டுக் கையில் கொடுக்கும் தபால்காரர் அன்று. உங்கள் ஊர்க் காலிங்கராயன் வாய்க்காலைப் போல அது ஓர் ஓட்டம். எங்கே ஓர் எடை முடிந்து அடுத்த எடை தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் நம்பியிருக்கும் 'டேட்டா ரிசீவ்டு' ஈவென்ட் (நிரலை எழுப்பும் அறிவிப்பு) "ஏதோ வந்திருக்கிறது" என்று மட்டுமே சொல்கிறது, "முழு வரி வந்துவிட்டது" என்று சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9600 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வேகத்தில், தொடக்க பிட்டையும் முடிவு பிட்டையும் சேர்த்து ஓர் எழுத்துக்கு 10 பிட் ஆகிறது. அதாவது நொடிக்கு 960 எழுத்துகள். தராசு அனுப்பும் வரி 16 எழுத்து நீளம் என்று கொண்டால், அது முழுவதும் வந்து சேர ஏறத்தாழ 17 மில்லி நொடி பிடிக்கும். அந்த இடைவெளியின் நடுவில் ஈவென்ட் எழுந்து, நீங்கள் 'ரீட் எக்ஸிஸ்டிங்' என்று வாசித்தால், அதுவரை வந்த "64.3" மட்டும் கையில் கிடைக்கும், மீதமுள்ள "50" அடுத்த முறை தனியாக வரும். "6" முந்தைய வாசிப்பில் போய்விட்டால் மிஞ்சுவது 4.350. வேறு வேலை எதுவும் இல்லாத உங்கள் வீட்டுக் கணினியில் துண்டுகள் தற்செயலாகப் பொருந்தி வந்திருக்கின்றன; அச்சும் பில்லும் ஒரே நேரத்தில் ஓடும் மண்டிக் கணினியில் அந்தத் தற்செயல் கைவிட்டுவிட்டது.

வாசிப்பதற்கு முன் 100 மில்லி நொடி தூங்க வைக்கச் சொல்லிச் சிலர் யோசனை கூறுவார்கள். அது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. வந்த எழுத்துகளையெல்லாம் ஒரு சரத்தில் சேர்த்துக்கொண்டே போங்கள். வரிமுடிவுக் குறி தென்படும்போது மட்டும் அதுவரை உள்ளதை வெட்டியெடுத்து எடையாக மாற்றுங்கள். மிச்சத்தை அடுத்த முறைக்கு அப்படியே வைத்திருங்கள். போர்ட்டைத் திறந்தவுடன் வரும் முதல் வரி பெரும்பாலும் பாதியில் தொடங்கியிருக்கும் என்பதால் அதை எறிந்துவிடலாம். மூட்டை ஆடிக்கொண்டிருக்கும்போது வரும் எடையையும் ஏற்காதீர்கள். பல தராசுகள் எடை நிலைத்துவிட்டதற்கு வரியிலேயே ஒரு குறி அனுப்பும், அது எது என்பது கையேட்டில் இருக்கும். அப்படி ஒன்று இல்லையென்றால் தொடர்ந்து மூன்று முறை ஒரே எண் வந்தால் மட்டும் பதியுங்கள்.

இந்த ஈவென்ட் திரையை நடத்தும் த்ரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையோட்டம்) நிகழ்வதில்லை, வேறொரு த்ரெட்டில் நிகழ்கிறது. ஆகவே அங்கிருந்து நேரடியாக டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதினால் பிழை எழும். அந்தச் சோதனையையே அணைத்துவிடும் ஒரு வரி இணையத்தில் கிடைக்கும். தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள். காத்திருக்காமல் உடனே திரும்பிவிடும் 'பிகின் இன்வோக்' மூலம் திரையின் த்ரெட்டுக்கு வேலையை ஒப்படையுங்கள். வேலை முடியும்வரை காத்திருக்கும் 'இன்வோக்' என்று எழுதினால், படிவத்தை மூடும்போது போர்ட்டை மூடும் கட்டளை ஈவென்ட் முடிவதற்காகக் காத்திருக்க, ஈவென்ட்டோ திரை ஓய்வதற்காகக் காத்திருக்க, இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிடும்.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்தேன். மாத அறிக்கை எடுக்கும்போது திரை வெளிறிப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருகிறது. ஊழியர் பயந்து மூடிவிடுகிறார். நண்பர் சொன்னபடி சுழற்சிக்குள் 'டூ ஈவென்ட்ஸ்' (காத்திருக்கும் திரைச் செய்திகளைக் கவனிக்கச் சொல்லும் கட்டளை) போட்டேன். வெளிறுவது நின்றது, ஆனால் இப்போது சில மாதங்களில் தொகை இரட்டிப்பாக வருகிறது. (வாசகர், திருப்பூர்)

பதில்: ஒரு சாளரம் 5 நொடிகளாக எந்தச் செய்தியையும் எடுத்துக்கொள்ளாவிட்டால், விண்டோஸ் அதைச் செயலிழந்ததாகக் கருதி, அதன் மேல் வெளிறிய நகல் ஒன்றைப் போர்த்திவிடுகிறது. உங்கள் நிரல் சாகவில்லை. பட்டனை அழுத்தியதைக் கவனிக்க வேண்டிய அதே த்ரெட் நூல் கணக்கைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 'டூ ஈவென்ட்ஸ்' போட்டதும் என்ன நடந்தது? கணக்கு பாதியில் இருக்கும்போதே திரைக்கு உயிர் வந்தது. பொறுமையிழந்த ஊழியர் பட்டனை மறுபடியும் அழுத்தினார். முதல் கூட்டலின் நடுவே இரண்டாவது கூட்டல் நுழைந்து, இரண்டும் ஒரே மாறியில் சேர்ந்தன. இரட்டிப்பின் காரணம் அதுவே.

முறையான வழி, 2012-இல் சி ஷார்ப் 5 பதிப்போடு வந்த 'அசிங்க்', 'அவெய்ட்' இரண்டையும் பயன்படுத்துவது; திரையை முடக்காமல் பின்னணி வேலைக்குக் காத்திருக்க உதவுபவை அவை. பட்டனை முதலில் செயலற்றதாக்குங்கள். கூட்டல் வேலையை 'டாஸ்க் ரன்' மூலம் பின்னணிக்கு அனுப்பி 'அவெய்ட்' செய்யுங்கள். முடிந்த பிறகு, பிழை நேர்ந்தாலும் விட்டுப்போகாதபடி 'ஃபைனலி' பகுதியில் பட்டனைத் திறந்துவிடுங்கள். 'அவெய்ட்' எழுதச் சோம்பி '.ரிசல்ட்' என்று எழுதினால் பழைய உறைநிலைக்கே திரும்பிவிடுவீர்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் அனுப்பிய நிரலில் முதலில் பார்ட்டிகளின் பட்டியலை எடுத்து, பின் ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனித்தனியாக ஒரு குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) ஓட்டுகிறீர்கள். மேசையில் சோதிக்கும்போது பத்துப் பார்ட்டி இருந்திருப்பார்கள். கம்பெனியில் 400 பேர் என்றால் தரவுத்தளத்துக்கு 401 முறை நடை. இரு அட்டவணைகளையும் இணைத்து, பார்ட்டி வாரியாகத் தொகுத்து, ஒரே குவெரியாக எழுதுங்கள். தேதிப் புலத்துக்கு, தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் போடுங்கள். அதன் பிறகு அறிக்கை ஓரிரு நொடிகளுக்குள் வந்துவிட்டால், மேலே சொன்ன ஏற்பாடு வெறும் காப்பாக மட்டும் இருக்கும்.

கேள்வி: நாமக்கல்லில் முட்டை லோடு கணக்கை மைக்ரோசாஃப்ட் அக்சஸ் தரவுத்தளக் கோப்பில் வைக்கிறோம். மாதத்தின் முதல் 12 நாள்களின் பதிவுகள் வேறு மாதங்களில் போய் விழுகின்றன; 13-ஆம் தேதியிலிருந்து சரியாகிவிடுகிறது. இது என்ன மாயம்? (வாசகர், நாமக்கல்)

பதில்: மாயம் உங்கள் கடிதத்திலேயே அவிழ்ந்திருக்கிறது. தேதியைச் சரமாக்கி எஸ்.க்யூ.எல் (தரவுத்தளக் கட்டளை மொழி) வரிக்குள் ஒட்டுகிறீர்கள். அக்சஸ் அதை அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலாக வைத்து வாசிக்கும்; 05/03 என்பது மார்ச் 5 ஆகாமல் மே 3 ஆகிவிடும். 13/03 வந்தால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் சத்தமில்லாமல் நாளை முதலாகக் கொண்டு வாசித்துக்கொள்ளும். பிழைச் செய்தி காட்டி நின்றிருந்தால் நீங்கள் முதல் வாரமே கண்டுபிடித்திருப்பீர்கள். இந்த உதவி மனப்பான்மைதான் கெடுத்தது. தேதியைச் சரமாக்காமல் பாராமீட்டராகவே (கட்டளை வரியில் ஒட்டாமல் தனியாகத் தரும் மதிப்பாக) அனுப்புங்கள். ஏற்கெனவே கெட்ட பதிவுகளைத் திருத்த, பில் எண் வரிசையில் அடுக்கிப் பாருங்கள்; வரிசைக்குப் பொருந்தாமல் துள்ளி நிற்கும் தேதிகளே மாறியவை.

கேள்வி: கரூரில் பழைய எம்.டி.பி (அக்சஸ்) கோப்பைப் படிக்கும் மென்பொருள், புதிய கணினியில் 'ஜெட்' பதிவு செய்யப்படவில்லை என்கிறது. (வாசகர், கரூர்)

பதில்: எம்.டி.பி கோப்பைத் திறந்து படிக்க உதவும் ஜெட் 4.0 என்பது 32 பிட்டில் மட்டுமே உண்டு. உங்கள் நிரல் 64 பிட்டாக ஓடுவதால் அது கண்ணில் படவில்லை. பில்டு அமைப்பில் எக்ஸ்86 என்று மாற்றித் தொகுங்கள். கோப்பு 2 ஜி.பி.யை நெருங்கிக்கொண்டிருந்தால் அதுவே அதன் உச்ச வரம்பு என்பதால், வேறு தரவுத்தளத்துக்கு மாறுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பட்டியலைத் தமிழிலேயே எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறேன். "கோபி" என்று தேடினால் சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. திரையில் இரு பெயர்களும் ஓர் எழுத்துகூட வேறுபாடின்றி இருக்கின்றன. (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: அம்மா, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருக்கிறது. யூனிகோடில் "கோ" என்பதை இரு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒன்று; ககரத்தோடு ஏகாரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. இரண்டும் திரையில் ஒரே வடிவம்தான். ஆனால் முதல் வகையில் "கோபி" நான்கு குறியீடுகள், இரண்டாம் வகையில் ஐந்து. அவற்றைக் குறியீடு குறியீடாக ஒப்பிடும் எஸ்க்யூலைட் வேறு வேறு சொற்கள் என்று சொல்வது நியாயமே. பெயர்களின் நீளத்தை எண்ணி அச்சிட்டுப் பாருங்கள், வேறுபாடு அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய எழுத்துருவில் இருந்த பட்டியலை யூனிகோடுக்கு மாற்றித்தான் பெரும்பகுதியை ஏற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயம் அங்கேதான். அந்த எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனித் துண்டுகள்; கவனக்குறைவாக எழுதப்பட்ட மாற்றி அவற்றை ஒட்டாமலே விட்டுவிடும். சரத்தை 'நார்மலைஸ்' செய்தால் (ஒரே சீரான குறியீட்டு வடிவுக்கு மாற்றினால்), சி ஷார்ப் நிரல்கள் ஓடும் டாட் நெட்டில் அதன் இயல்பான வடிவமே இரு குறிகளையும் ஒன்றாக்கிவிடும். சேமிக்கும்போது ஒரு முறை, தேடும் சொல்லுக்கு ஒரு முறை என இரு இடங்களிலும் செய்ய வேண்டும். ஏற்கெனவே உள்ள பதிவுகளை ஒரு தடவை ஓடி மாற்றிவிடுங்கள்.

இதனாலும் தீராத ஒன்று உண்டு. ஔகாரக் குறியின் வலப்பாதி 'ள' போலவே இருப்பதால், "கௌரி" என்பதைப் பலர் கொம்பும் ளகரமுமாகத் தட்டி "கெளரி" என்று பதிந்திருப்பார்கள். ளகரம் தனி எழுத்து. அதை எந்த நார்மலைஸும் தொடாது. "தெளிவு", "வெள்ளி" போன்ற சொற்களில் எகரக் கொம்புக்குப் பின் ளகரம் வருவது சரியான எழுத்தே என்பதால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றவும் முடியாது. உங்கள் பட்டியலில் அவ்வாறு அமைந்த பெயர்களை மட்டும் வடிகட்டி எடுத்து, மனிதக் கண்ணால் பார்த்துத் திருத்துவதே சரி.

கேள்வி: சென்னிமலையில் போர்வைக் கடைக்கு எழுதிய பில்லில் ஆடிட்டர் கணக்குக்கும் எனக்கும் ஒரு பைசா உதைக்கிறது. மத்திய, மாநில வரி தலா 2.5 சதவீதம். (வாசகர், சென்னிமலை)

பதில்: 1,001 ரூபாய்க்கு 2.5 சதவீதம் 25.025. சி ஷார்ப்பின் 'மேத் ரவுண்ட்' சரிபாதி வரும்போது இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாயும். ஆகவே டெசிமல் என்ற எண் வகையில் 25.02 தரும். ஆடிட்டர் பள்ளியில் படித்தபடி 25.03 போடுவார். 'அவே ஃபிரம் ஜீரோ' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் உங்களுக்கும் 25.03 வரும். டபுள் என்ற தோராய எண் வகையைப் பணத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் முதலில் அதை டெசிமலாக மாற்றுங்கள், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று தருகிற வகையிடம் பைசாவை ஒப்படைக்க முடியாது. இன்னொன்றையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: இரு வரிகளையும் தனித்தனியே முழுமையாக்கினால் 50.06, சேர்த்து 5 சதவீதமாகப் போட்டால் 50.05. எது என்று அவர் சொல்கிறாரோ அதை நிரலில் ஒரே இடத்தில் எழுதி, பில்லும் அறிக்கையும் அதையே அழைக்கும்படி செய்யுங்கள்.

கேள்வி: பெருந்துறையில் ஒரு மில்லில் 'விபி 6' (விஷுவல் பேசிக் 6) மென்பொருள் இன்னும் ஓடுகிறது. ஒரே கணினி, பகல் கணக்காளருக்கும் இரவுக் கணக்காளருக்கும் தனித்தனி லாகின். பகலில் பதிந்தது இரவில் இல்லை. மறுநாள் காலையில் மீண்டும் இருக்கிறது. (வாசகர், பெருந்துறை)

பதில்: 1998-இல் வந்த பதிப்பு என்பதை நினைவில் வையுங்கள், அக்காலத்தில் நிரல் இருக்கும் உறையிலேயே (ஃபோல்டர்) தரவையும் எழுதுவது வழக்கம். விண்டோஸ் விஸ்டா முதல் சாதாரணப் பயனர் 'புரோகிராம் ஃபைல்ஸ்' உறைக்குள் எழுத முடியாது. ஆனால் பழைய 32 பிட் நிரல்கள் உடைந்துபோகாதிருக்க, விண்டோஸ் அங்கே எழுத முயலும் தரவை அப்பயனருக்கு மட்டுமே உரிய 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற உறைக்கு ஓசையின்றித் திருப்பிவிடுகிறது. ஆகவே உங்கள் மில்லில் இரு கணக்குப் புத்தகங்கள் தனித்தனியே வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது.

தரவுக் கோப்பை 'புரோகிராம் டேட்டா' உறைக்கு மாற்றி, இருவருக்கும் எழுதும் உரிமை கொடுத்து, நிரலில் அப்பாதையைக் குறிப்பிடுங்கள். அதற்கு முன், இரு லாகின்களின் 'ஆப் டேட்டா', 'லோக்கல்' வழியே விர்ச்சுவல் ஸ்டோருக்குள் போய் இரண்டு பிரதிகளையும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டிலும் ஒரே பில் எண்ணில் வெவ்வேறு பதிவுகள் இருக்கும். அவற்றை ஒன்றாக்கும்போது இரு கணக்காளர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது.