ஊர் வங்கி அடித்த நோட்டு: வெல்லிங்டன் ஃபாக்ஸ் குடும்பத்தைப் பற்றி உங்கள் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் மாவட்டத்தில் வெல்லிங்டன் என்று ஒரு சின்ன ஊர், கம்பளித் துணிக்குப் பேர் போனது. அங்கே தாமஸ் ஃபாக்ஸ் என்ற கம்பளித் துணி வியாபாரி 1787-ல் ஒரு வங்கி தொடங்கினார், பிற்காலத்தில் அது ஃபாக்ஸ், ஃபௌலர் அண்ட் கம்பெனி ஆனது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சொந்த நோட்டு வெளியிட்ட கடைசித் தனியார் வங்கி இதுதான், 1921 வரை தாக்குப்பிடித்தது. பழைய நோட்டுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், பாதிப் பேருக்கு மேல் இதைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். சரி, ஆரம்பிக்கலாம்.

சார், நம்ம ஊட்டி பக்கத்து வெலிங்டனுக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

சுற்றி வளைத்து உண்டு. நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லெஸ்லி பட்டம் வாங்கும்போது இந்த சாமர்செட் ஊரின் பெயரில் வாங்கினார். நீலகிரி ராணுவ முகாமுக்கு அவர் பெயரை வைத்தார்கள். வங்கிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

துணி வியாபாரிக்கு எதற்கு வங்கி? இருக்கிற வேலை போதாதா?

அவருக்கு அது தனி வேலையே இல்லை, துணி வேலையின் ஒரு பகுதி. பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க இங்கிலாந்தில் சில்லறைப் பஞ்சம், அரசு நாணயசாலை வெள்ளிக்காசு அடிப்பதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டது. நூற்பவர், நெய்பவர் எல்லாருக்கும் கூலி கொடுக்க வேண்டும், கையில் காசில்லை. ஆனால் துணி விற்ற வகையில் அவருக்கு லண்டனில் பணம் வர வேண்டியிருக்கிறது. ஊரில் இன்னொருவர் லண்டனுக்குப் பணம் அனுப்ப வழி தெரியாமல் நிற்கிறார். இரண்டு பேரையும் சேர்த்து வைத்தால் அங்கேயே பாதி வங்கி வந்துவிடுகிறது. கூடவே ஃபாக்ஸ் குடும்பத்தார் குவேக்கர்கள், அதாவது அரசுத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவப் பிரிவினர். ஆக்ஸ்போர்டு பட்டம், அரசுப் பதவி எதுவும் கிடையாது, ஆகவே வியாபாரம்தான் வழி. பெரிய பிரிட்டிஷ் வங்கிகளான பார்க்லேஸ், லாய்ட்ஸ் இரண்டின் வேரும் குவேக்கர் குடும்பங்கள்தான்.

யாரோ ஒரு ஆலைக்காரர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எதை நம்பி வாங்கினார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நோட்டில் இருந்தது ஒரு வாக்குறுதி, இதைக் கொண்டு வருபவர் கேட்டவுடன் இத்தனை பவுண்டு தருகிறோம் என்று. எண் போட்டு, கையால் கையெழுத்திட்டு, பேரேட்டில் பதிந்து வெளியே விடுவார்கள். இப்படிப்பட்ட ஊர் வங்கிகள் லண்டனில் ஒரு வங்கியை ஏஜெண்டாக வைத்துக்கொள்வது வழக்கம், அங்கேயும் நோட்டை மாற்றலாம்.

ஆனால் உண்மையான பலம் வேறு. 1708-ல் வந்த ஒரு சட்டப்படி, இன்று அந்த நாட்டின் மத்திய வங்கியாக இருக்கும் பேங்க் ஆஃப் இங்கிலாந்தைத் தவிர நோட்டு வெளியிடும் எந்த வங்கியிலும் ஆறு கூட்டாளிக்கு மேல் இருக்கக் கூடாது. பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்குப் போட்டி வராமல் இருக்கப் போட்ட வேலி அது. அந்த ஆறு பேருக்கும் இன்றைய லிமிடெட் கம்பெனி மாதிரி பாதுகாப்பு இல்லை. வங்கி மூழ்கினால் வீடு, நிலம், ஆலை, நாற்காலி மேஜை உட்பட எல்லாம் ஏலத்துக்குப் போகும். ஊர்க்காரருக்கு அந்த ஆலை தெரியும், வீடு தெரியும், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கூட்டத்துக்குப் போகிறார்கள் என்பதும் தெரியும். நாலு ஊர் தள்ளிப் போனால் பெயர் தெரியாது, அங்கே நோட்டின் மதிப்பு இறங்கிவிடும். வங்கிக்கு லாபம் எங்கே என்றால், வெளியே சுற்றுகிற ஒவ்வொரு நோட்டும் ஊர் மக்கள் வங்கிக்குக் கொடுத்த வட்டியில்லாக் கடன்தான்.

அரசாங்கம் இதையெல்லாம் வேடிக்கை பார்த்ததா?

உரிமம், முத்திரை வரி என்று வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டது. சின்னத் தொகை நோட்டுகள் ஏழைகள் கையில் போய் ஏமாற்றத்தில் முடிகிறது என்று 1775-ல் ஒரு பவுண்டுக்குக் கீழ் தடை, 1777-ல் ஐந்து பவுண்டுக்குக் கீழும் தடை. அப்புறம் பிரான்ஸோடு போர், 1797-ல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தே நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது, ஒரு பவுண்டு நோட்டு திரும்பி வந்தது. 1826-ல் மறுபடி தடை, 1829-க்குள் அவை போய்விட வேண்டும் என்றார்கள். ஸ்காட்லாந்திலும் அதே தடையைக் கொண்டுவரப் பார்த்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் பத்திரிகையில் கடிதம் கடிதமாக எழுதிச் சண்டை போட்டார், அரசு பின்வாங்கியது.

அண்ணா, இந்த மாதிரி வங்கிகள் திவால் ஆகலையா?

ஏராளம். எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் அண்ணன் ஹென்றி ஆல்டன் என்ற ஊரில் ஒரு வங்கியில் கூட்டாளி, போர் முடிந்து விலைகள் சரிந்தபோது அது போனது, 1816-ல் அவரே திவால். பெரிய அடி 1825 டிசம்பரில் விழுந்தது. லண்டனில் போல், தார்ன்டன் என்ற வங்கி நாற்பது சொச்சம் ஊர் வங்கிகளுக்கு ஏஜெண்டாக இருந்தது, அது சாய்ந்ததும் செய்தி தபால் வண்டியில் ஊர் ஊராகப் போனது, மக்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு தங்கம் கேட்டு வரிசையில் நின்றார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட வங்கிகள் விழுந்தன. அடுத்த ஆண்டு சின்ன நோட்டுத் தடை வந்ததும், லண்டனிலிருந்து 65 மைலுக்கு அப்பால் பங்குதாரர் வங்கிகளை, அதாவது ஆறு பேருக்கு மேல் பங்கு போட்டு நடத்தும் வங்கிகளை, அனுமதித்ததும் இதனால்தான். ஃபாக்ஸ் வங்கி அந்தப் புயலைத் தாண்டி வந்தது.

அப்படியானால் 1921 வரை எப்படி நீடித்தார்கள்? யாரும் தடை செய்யவில்லையா?

தடையே செய்யவில்லை, அங்கேதான் தந்திரம். பிரதமர் ராபர்ட் பீல் 1844-ல் கொண்டுவந்த வங்கிச் சட்டம், இனி புதிதாக எந்த வங்கியும் நோட்டு வெளியிடக் கூடாது என்றது. ஏற்கனவே வெளியிடுபவர்கள் தொடரலாம், ஆனால் 1844 ஏப்ரல் 27-ல் முடிந்த பன்னிரண்டு வாரங்களில் சராசரி எவ்வளவு சுற்றியதோ அதுதான் நிரந்தர உச்சவரம்பு. திவாலானால் உரிமை போச்சு. தனியார் வங்கி ஆறு கூட்டாளிக்கு மேல் போனால் போச்சு. லண்டனில் அலுவலகம் திறந்தாலும் போச்சு. உரிமை போன வங்கியின் வரம்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அன்று உரிமை இருந்தவை 207 தனியார் வங்கிகளும் 72 பங்குதாரர் வங்கிகளும்.

அப்புறம் சட்டம் சும்மா இருந்தாலே போதும், காலம் வேலையைச் செய்துவிடும். வளர நினைக்கும் வங்கிக்கு லண்டன் தேவை, பெரிய முதல் தேவை, அதற்கு நோட்டு உரிமையை விட்டுவிட வேண்டும். செக் பழக்கம் பெருகப் பெருக அந்த உரிமையால் வரும் லாபமும் சுருங்கியது, ஒவ்வொருவராக விட்டுக்கொடுத்தார்கள். ஃபாக்ஸ் குடும்பம் 55 கிளை வரை திறந்தும் கூட்டாளி வங்கியாகவே நின்றது, அதனால் உரிமையும் தங்கியது. பிடிவாதமா, வசதியா, இரண்டும் கலந்ததா என்று கேட்டால் மூன்றாவது என்பேன். 1921-ல் லாய்ட்ஸ் வாங்கியது, அதோடு நோட்டும் நின்றது.

செட்டியார்கள் எழுதிய உண்டியலும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. உண்டியல் ஒரு கட்டளை, ரங்கூனில் இருக்கிற என் ஏஜெண்ட் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கட்டும் என்கிற மாதிரி, பல நேரம் தவணையோடு. பணத்தைக் கொடுத்ததும் அதன் வேலை முடிந்தது. நோட்டு வாக்குறுதி. யார் கையில் இருந்தாலும் செல்லும், கேட்டவுடன் பணம், திரும்பி வந்தாலும் மறுபடி வெளியே விடலாம்.

இந்தியா, இலங்கையில் வங்கிகள் நோட்டு அடித்தனவா?

அடித்தன, ஆனால் ஊர் வங்கிகள் என்று சொல்ல முடியாது. 1843-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ் நோட்டு வெளியிட்டது, 1861 காகிதப் பணச் சட்டம் அதை முழுக்க அரசிடம் கொடுத்துவிட்டது. இலங்கைக் கதை இன்னும் சூடானது. ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் 1884 மே மாதம் கதவைச் சாத்தியது, அதன் நோட்டுகள்தான் தீவில் பெரும்பகுதி புழக்கம். கலவரம் வராமல் இருக்க ஆளுநர் ஆர்தர் கார்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார். அடுத்த ஆண்டிலிருந்து அரசு நோட்டு.

கள்ள நோட்டு?

இருந்தது, ஆனால் கள்ளர்களுக்கு இனித்தது பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் 1797-க்குப் பிந்தைய ஒரு பவுண்டு நோட்டுதான், அச்சு அவ்வளவு எளிமை. அதற்காக 300 பேருக்கு மேல் தூக்கிலிட்டார்கள். ஊர் வங்கி நோட்டில் கையெழுத்தையே அடையாளம் தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

இன்றைக்கும் பிரிட்டனில் தனியார் வங்கி நோட்டு உண்டு என்கிறார்களே, நிஜமா?

நிஜம். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சில வணிக வங்கிகள் வெளியிடுகின்றன. லண்டன் கடையில் நீட்டினால் சில சமயம் முகத்தைச் சுளிப்பார்கள், மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஃபாக்ஸ் காலம் போல வீடும் ஆலையும் அடமானம் இல்லை. வெளியிடும் நோட்டு முழுவதற்கும் ஈடு வைக்க வேண்டும், பெரும்பகுதி பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் இருக்கும். அதற்கென்றே ஜயண்ட், டைட்டன் என்று புழக்கத்துக்கு வராத நோட்டுகள் அங்கே உண்டு, ஜயண்ட் ஒன்று பத்து லட்சம் பவுண்டு, டைட்டன் ஒன்று பத்துக் கோடி பவுண்டு.